தனிக்கு எழுந்தவன்

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்களைப் பற்றி நான் சொல்லாத கடுஞ்சொல் இல்லை. பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் மேடையை விட்டுக்கொடுக்கிற அந்தக் கால் மணி நேரத்தைக் காபிக்கும் கழிவறைக்கும் ஒதுக்கப்பட்ட இடைவேளையாகக் கருதுகிறவர்களை ரசிகர்கள் என்று அழைக்க நான் ஒருபோதும் இசைந்ததில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் அனைவரும் இதை அறிவார்கள். மார்கழி பிறந்தால், எந்தச் சபாவில் யாரைக் கேட்கலாம் என்று என்னிடம்தான் வந்து விசாரிப்பார்கள். நானும் சொல்வேன், சொல்லி முடித்ததும், மங்களம் பாடும்வரை உட்கார முடியாதவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று சேர்த்துக்கொள்வேன். ஐம்பது வருஷங்களில் நான் மங்களத்துக்கு முன் எழுந்தது கிடையாது.

சென்ற மார்கழியில் எழுந்தேன். அதுவும் தனியில்.

என் முகத்துக்கு நேரே எவரும் அதைக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள். அவர்கள் பேசுவதைவிட நானே எழுதிவைப்பது மேல்.

ஆடி மாதத்தில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் கச்சேரிகளுக்குப் போய்வந்தோம். என்னைவிடக் கூர்மையான காது அவளுக்கு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் படுக்கையறைக்குமாக நடக்கிறாள். உதவிக்கு அகரம்தென் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். வழக்கமாக மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறவர், கச்சேரிக்கு நான் போகும் நாட்களில் மட்டும் ஒன்பதரை மணிப் பேருந்துவரை இருப்பதாக ஒப்புக்கொண்டார். அவளைத் தனியே விடுவதில்லை என்று நான் எனக்குள் விதித்துக்கொண்டிருந்தேன். ஆகவே, ஒன்பதரைக்குள் நான் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இதில் சிரமம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. மாம்பலத்துச் சபா அச்சிட்ட அழைப்பிதழில் ஆறேகால் மணி என்றுதான் இருந்தது. ஆறேகாலுக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு மங்களம், எட்டரை ரயில், ஒன்பது ஐந்துக்குத் தாம்பரம், கிழக்குப் பக்கம் இறங்கிப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் ஒன்பது இருபத்தைந்துக்கு வீடு. வெளிநாட்டிலிருக்கும் என் மகள், கார் வரவழைத்துப் போகும்படி தொலைபேசியில் வற்புறுத்தினாள். மாலை வேளையில் ஜி.எஸ்.டி. சாலையில் காருக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் பயணம் என்று பெயரில்லை என்று அவளிடம் சொன்னேன். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து ரயிலில்தான் போய்வருகிறேன். ரயிலை நம்பி நான் ஒரு கச்சேரிக்கும் தாமதமாகப் போனதில்லை.

அன்றும் ஆறு மணிக்கே அரங்கில் மூன்றாவது வரிசையின் ஓரத்து இருக்கையில் அமர்ந்துவிட்டேன். ஆறேகாலுக்குத் திரை விலகியது. வித்வான்கள் உட்கார வேண்டிய மேடையில் ஆறு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் புரவலர்களான ஒரு மனை வணிகரும், ஒரு பருப்பு வியாபாரியும், அவர்கள் குடும்பத்தாரும் வீற்றிருந்தார்கள். சபாவின் செயலாளர் ஒலிவாங்கிக்கு முன் வந்து, இரண்டே வார்த்தை பேசுவதாகச் சொன்னார். பிறகு பொன்னாடைகள் வந்தன. பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள் தங்களுக்கும் இசைக்கும் வெகுதூரம் என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, அந்த வெகுதூரத்தைப் பத்துப் பத்து நிமிஷமாக விவரித்தார்கள். பாடகர் திரையோரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். தம்பூரா ஒலிக்கும்போது மணி ஏழு.

அந்த முக்கால் மணி நேரத்தை யார் கொடுப்பது? செயலாளர் கொடுக்கவில்லை. பருப்பு வியாபாரி முதல் உருப்படி முடிவதற்குள் போய்விட்டார். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் செங்கல்பட்டுக்கும் கூடுவாஞ்சேரிக்கும் தாம்பரத்துக்கும் ரயிலேற வேண்டியவர்கள். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்பதும் என் கோபத்தில் சேர்த்தி.

தோடி விஸ்தாரமாக வந்தது. எட்டு ஐந்துக்குத் தனி தொடங்கியது. மிருதங்கக்காரரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடக்கமான கை, இடப்பக்கத் தொப்பியில் சத்தம் போடாமல் பேசவைக்கிற கை. கடம் பதில் சொல்லி, மறுபடி மிருதங்கம் எடுத்துக்கொண்டு, திஸ்ர நடைக்குள் நுழைந்தபோது மணி எட்டு பதினெட்டு. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் கை நிற்கவில்லை. கண் மட்டும் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. எழுவதையாவது ஒழுங்காக எழலாம் என்று, தாளச் சுற்று முடிந்து சமம் விழுகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். விழுந்தது, எழுந்தேன். மிருதங்கக்காரர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசல் கதவுவரை முதுகில் அந்த வாசிப்பைச் சுமந்துகொண்டு போனேன்.

மாம்பலம் நடைமேடையை எட்டரைக்கு முன்பே அடைந்துவிட்டேன். தியாகராய நகரில் துணி வாங்கியவர்கள் அத்தனை பேரும் எனக்கு முன் அடைந்திருந்தார்கள். எட்டரை ரயில் வந்தபோது, இறங்குகிறவர்கள் முதலில் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அப்படி நின்றவன் அந்த நடைமேடையில் நான் ஒருவன்தான். பைகளும் முழங்கைகளும் என்னைத் தாண்டிப் போயின, ரயிலும் போயிற்று. அடுத்த ரயிலிலும் அப்படியே. எழுபத்திரண்டு வயதில் நான் யாரையும் இடித்து ஏறத் தயாராக இல்லை. தனியை விட்டுவிட்டு வந்தவன், ரயிலையும் விட்டுவிட்டு நின்றேன். எட்டு ஐம்பதுக்குள், தனி முடிந்திருக்கும், துக்கடா முடிந்திருக்கும், மங்களமும் பாடியிருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்பது மணிக்குப் படியிறங்கி வந்தவர் அந்த மிருதங்கக்காரரேதான். நாற்பது வயதிருக்கும். வேட்டியை மாற்றிக் கால்சட்டை அணிந்திருந்தார். வியர்வையில் விபூதி கலைந்திருந்தது. தோளில் உறையிட்ட மிருதங்கம். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"மூணாவது வரிசை, ஓரத்து சீட்டு. நீங்கதானே சார்?"

நான்தான் என்றேன்.

"கேன்டீனுக்குன்னு நெனச்சேன். அங்கேர்ந்து எழுந்து வந்து இவ்ளோ நேரம் இங்கயா நிக்கிறீங்க?"

அவர் வாத்தியத்தைத் தரையில் வைக்காமல் மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"எழுந்து போறவங்கள எண்ணிக்கிட்டேதான் சார் வாசிப்பேன். நீங்க பதினோராவது ஆள். ஆனா மத்தவங்க எல்லாம் நட்ட நடுவுல எழுந்து போனாங்க. நீங்க ஒருத்தர்தான் சமத்துல எழுந்தீங்க."

அது பாராட்டா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அதற்கு நான் தகுதியுடையவனாகவே நின்றேன். அந்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. எனக்குச் செவி சற்று மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவேன். வீட்டிலிருக்கும் பெண்மணி.

"சார், எங்க கீறீங்க? அம்மா சாப்ட்டாங்க, மாத்திர குட்த்துட்டேன். ஒன்பதரை வண்டி போச்சுன்னா அப்பால பத்தேகாலுக்குத்தான் சார். வந்துடுவீங்களா?"

முடிந்தால் இருக்கும்படியும், இல்லையென்றால் கிளம்பும்படியும் கேட்டுக்கொண்டேன். இருப்பதாகச் சொன்னார். மிருதங்கக்காரர் அத்தனையையும் கேட்டுவிட்டார். அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தைத்தான் நான் விரும்பவில்லை.

"வீட்ல உடம்பு முடியலையா சார்? அப்ப சரி. அப்ப தப்பே இல்ல."

"தப்புதான்," என்றேன். "காரணம் இருக்கறதால தப்பு சரியாயிடாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயில் வந்துவிட்டது. "பேசிட்டிருந்தா இதுவும் போயிடும். என் முதுகை விடாம வாங்க," என்று சொல்லி, மிருதங்கத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, வாத்தியம், வாத்தியம் என்று குரல் கொடுத்தபடியே கூட்டத்துக்குள் புகுந்தார். கதவோரம் நின்றிருந்த ஒருவர் விடவில்லை.

"இன்னாபா இது, டிரம்மா? இதுக்கு டிக்கெட் எட்த்தியா?"

"இது உக்காராதுண்ணா, நிக்கும். வழி விடுங்க," என்றார் இவர்.

சிரிப்புக்கு நடுவே வழி கிடைத்தது. எனக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். மிருதங்கத்தை வைக்க இடமில்லை. அவர் அதை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எந்த வாத்தியத்தின் பாதி வாசிப்பில் நான் எழுந்து வந்தேனோ, அதைத் தாம்பரம்வரை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். கனமான வாத்தியம். கிண்டிக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் ஒருமுறைகூட நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் இரும்புலியூர்க்காரராம், மேற்குப் பக்கம் இறங்கினார். நான் கிழக்கே போனேன். ஷேர் ஆட்டோக்காரர் பத்தாவது ஆள் வரும்வரை வண்டியை எடுக்க மறுத்தார். அவரோடு நான் போட்ட சண்டையை இங்கே எழுத விருப்பமில்லை.

வீட்டை அடைந்தபோது மணி பத்து. உதவிப் பெண்மணி பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனார். என் மனைவி விழித்திருந்தாள். நான் மட்டும் கச்சேரிக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து அவள் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு. அன்றும் கேட்டாள், தனி எப்படி என்று.

பொய் சொல்லியிருக்கலாம். முதல் பாதியைக் கேட்டவனுக்கு மறுபாதியைக் கற்பித்துச் சொல்வது பெரிய காரியமில்லை. அவளிடம் அது செல்லாது. எழுந்துவிட்டதைச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவள் கண் கலங்குவாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலும். அவள் தலையணையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னைச் சாக்கு வெச்சா தனிக்கு எழுந்தீங்க?"

ஒன்பதரைக்குள் வர வேண்டியிருந்தது என்றேன்.

"இடுப்பு ஒடைஞ்சதே எனக்குப் போதும். இந்தப் பழியும் என் தலையிலயா? நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவீங்க? பொண்டாட்டி படுத்துட்டா, அதனால எழுந்தேன்னா?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

"சொல்ல வேண்டாம். நீங்க நெனச்சுக்குவீங்க இல்ல, அது போதும்." சற்று நேரம் மூச்சு வாங்கினாள். "அடுத்த வியாழக்கிழமை போறீங்க. அந்தம்மா அவங்க பஸ்ஸுக்குப் போகட்டும். நான் ஒண்ணும் கொழந்த இல்ல, அரை மணி நேரம் படுத்திருப்பேன். மங்களம் கேட்டுட்டு வாங்க. இல்லன்னா இந்த வருஷம் போகவே போகாதீங்க."

நாற்பத்தாறு வருஷ மணவாழ்வில் அவள் எனக்கு இட்ட கட்டளைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதை நான் மறுத்துப் பேசினேன், அவளும் பேசினாள். அன்றிரவு எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தது பக்கத்து வீடுகளுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை அதே சபா, அதே ஆறேகால் மணி. திரை விலகியது, நாற்காலிகள் எட்டாகியிருந்தன. செயலாளர் இரண்டே வார்த்தை என்றார். ஆறரை ஆயிற்று, ஆறு ஐம்பதாயிற்று. நான் பொது இடத்தில் குரலுயர்த்திப் பேசியவனல்லன். அலுவலகத்தில் இருநூறு பேரை நிர்வகித்த காலத்திலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் கண்டித்திருக்கிறேன். அன்று எழுந்து நின்றேன்.

"செயலாளர் அவர்களே, நீங்கள் பேசுகிற ஒவ்வொரு நிமிஷமும் தனியிலிருந்து கழிகிறது. எங்களுக்கு ரயில் இருக்கிறது."

அரங்கம் முழுவதும் திரும்பியது. பெரியவர் தயவுசெய்து உட்கார வேண்டும் என்றார் அவர், ஒலிபெருக்கியிலேயே.

"உட்காரத்தான் வந்திருக்கிறேன். கச்சேரியைத் தொடங்குங்கள்."

பின்வரிசையில் ஒருவர், பெருசு சொல்றது கரெக்ட்தானே என்றார். பெருசு என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாலைந்து பேர் கைதட்டினார்கள். செயலாளர் இன்னும் இரண்டு பேருக்குப் பொன்னாடை போர்த்திய பிறகே முடித்தார். ஆனால் அந்த இருவருக்கும் பேச இடமளிக்கவில்லை. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் இரண்டு வரிசை தள்ளி அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காது சுட்டது. அந்தச் சூடு வெகுநேரம் தணியவில்லை.

தனி எட்டுக்குத் தொடங்கியது. சிலர் எழுந்தார்கள். என் வரிசையில் உள்ளே அமர்ந்திருந்த ஒருவர் குனிந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். கையில் தாளம் தவறவில்லை. காது மட்டும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தது. ஒன்பதரைக்குப் பெண்மணி கிளம்பிவிடுவார், விளக்கை அணைத்துவிடுவாரா, தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பாரா என்றே ஆவர்த்தனங்கள் கழிந்தன. மங்களம் பாடினார்கள். எழுந்தேன். மாம்பலத்தில் இம்முறை நான் ஒதுங்கி நிற்கவில்லை; என் முழங்கை யாருடைய விலாவில் பட்டதோ, அவர் மன்னிக்கட்டும்.

வீட்டு வாசலில் சாவியை எடுப்பதற்குள் கதவு திறந்தது. அவளே எழுந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளிருந்து பூட்டைத் திறந்திருந்தாள். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இரைந்தேன். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவேயில்லை.

"மெயின் என்ன ராகம்?"

"கல்யாணி."

"தனி?"

"இருந்தேன்," என்றேன். கேட்டேன் என்று சொல்லவில்லை. அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.