உறையில் வேறொரு முகம்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்து ஆள் கூப்பிடுவதுதான் பேச்சியம்மாளின் வேலை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். ஆம்பிளைக் குரலோ என்று திரும்பிப் பார்க்க வைக்கும் கட்டைத் தொண்டை. "உள்பாவாடை, ஒம்பது கஜம், சின்னாளப்பட்டி, சீட்டித்துணி, உள்ள வாங்க, ஓடி வாங்க" என்று மூச்சு விடாமல் பொழிவாள்.

தொண்ணூற்று நான்கு தீபாவளி நெரிசலில் ஒருவர் கடைக்குள் போகாமல் வாசலிலேயே தலையாட்டிக்கொண்டு நின்றார். திருவல்லிக்கேணி ஷரஃபுதீன், கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி ஜமைக்கா கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

"அந்த ஊர்ல தாளத்து மேலயே படபடன்னு பேசிக்கினு போவாங்கம்மா. அதான் பாட்டு. உன் வாயில அது தானா கீது."

"எனக்கு அந்த பாஷை தெரியாதே பாய்?"

"கேக்கறவனுக்கு மட்டும் தெரியுமா?"

கே.கே. நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. ஸ்பீக்கரில் பேஸ் ஒலி அதிர, அவள் துணிப் பெயர்களையே நெளித்து, விழுங்கி, துப்பினாள். கேசட் வந்தது. உறையில் சடை சடையாகக் கூந்தல் தொங்க ஒரு வெளிநாட்டுக்காரி சிரித்தாள். 'ஜமைக்கா ராணி' என்று போட்டிருந்தது. பேச்சியின் பெயரைக் காணோம்.

பாத்திரக்கடையில் வேலை பார்த்த அவள் தம்பி மகேஷே அந்தக் கேசட்டை வாங்கி வந்து வீட்டில் அலறவிட்டான்.

"ஏலே, இது நான்தாம்ல."

"சும்மா கெட, அக்கா."

அவள் பாடிக் காட்டினாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "நல்லாத்தான் காப்பியடிக்கே. ஆனா அந்தம்மா மாதிரி வரல."

அன்று முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அடுத்த கேசட்டுக்குப் போனபோது ஷரஃபுதீனும், "போன தபா மாதிரியே வரலியேம்மா" என்றார். தன் கேசட்டையே போட்டுக் கேட்டு, தன்னைப் போலவே பாடப் பழகினாள்.

அடையாற்றில் ஒரு கல்லூரி விழா. ஜமைக்கா ராணி என்று அறிவித்ததும், கனகாம்பரம் வைத்த பேச்சி மேடையேறினாள். கூட்டத்திலிருந்து, "ஜமைக்கா எங்கடா?" என்று கூச்சல். ஷரஃபுதீன் தாளத்தைத் தட்டிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சின்னாளப்பட்டியிலிருந்து ஆரம்பித்தாள். திறந்தபோது அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கியதும் ஒரு மாணவி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, அந்த ராணியைவிட நீங்க சூப்பரா பாடறீங்க!"

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று பேச்சிக்குப் பிடிபடவில்லை. "அவளை நீ பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது கேசட்டில் சண்டை போட்டுத் தன் பெயரையும் படத்தையும் போடவைத்தாள். அது கடைகளிலேயே தூங்கியது. நான்காவதில் பழைய சிரிப்புக்காரியே திரும்பி வந்தாள், விற்றது.

தொண்ணூற்றொன்பதில் பேச்சி ஜவுளிக்கடையை விட்டுவிட்டு ஸ்டூடியோக்களில் கோரஸ் பாடப் போனாள். ஒருநாள் இசையமைப்பாளர் ஒருவர், "யார் மாதிரியும் வேணாம், உங்க சொந்தக் குரல்ல பாடுங்க" என்றார். அவள் மைக்கின் முன்னால் அது எது என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.