ராடாரின் உலகச் செய்திகள்

"நாலு சீலிங் ஃபேனை ஒண்ணாக் கட்டி மேல விட்டிருக்கான், அதுக்கு ட்ரோன்னு ஒரு பேரு. இதுக்குப் போயி இவ்ளோ பெரிய படம்!" என்கிறார் ராடார். கையில் குறடு. மடியில் எரிந்துபோன ஒரு தண்ணீர் மோட்டார். அதன் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிக் காலடியில் போட்டுக்கொண்டே பேசுகிறார். முன்னால் விரித்த செய்தித்தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு பம்பு மூடி. யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், தெருவைப் பார்த்துத்தான். கேட்கிறவர்கள் கேட்கலாம்.

எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவருடைய தொழில். அதைக் கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிச்சமாகிப்போன சந்துக்குக் கூரை போட்ட மாதிரி இருக்கும். சுவர் முழுக்கச் செம்புக் கம்பி உருளைகள், மூலையில் வார்னிஷ் டின். அந்த வார்னிஷ் வாடை அவர் சட்டையில் இருக்கிறது, தலைமுடியில் இருக்கிறது, வீட்டுத் தலையணையில்கூட இருக்கிறது என்று அவர் மனைவி புலம்புவார். ராடார் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. எந்தக் கடலில் எந்தக் கப்பல் நகர்ந்தாலும் முதல் தகவல் இவருக்குத்தான் வரும் என்று எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் கிண்டலாக வைத்தது. இவர் அதைப் பதக்கம் மாதிரி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டுவிட்டார்.

செய்தி படிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. தலைப்பைப் படிப்பார், படத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். கீழே இருக்கும் பொடி எழுத்தெல்லாம் "அவன் சம்பளத்துக்கு எழுதினது". மீதியை மோட்டாரை வைத்து அவரே தீர்மானித்துக்கொள்வார். உலகத்தில் சுற்றுவதெல்லாம் மோட்டார், சுற்றாததெல்லாம் எரிந்துபோன மோட்டார், இதுதான் அவருடைய விஞ்ஞானம். நீர்மூழ்கிக் கப்பலா? "நம்ம போர்வெல் மோட்டாருக்குப் பெரியப்பா மகன்." கம்ப்யூட்டர் தானாக யோசிக்க ஆரம்பித்துவிட்டதா? "என் பையன் யோசிக்கவே அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்துச்சு. இதுக்கு என்ன அவ்ளோ அவசரம்?" ஏவுகணை பாதி உலகத்தைத் தாண்டிப் போகுமாமே? "போகட்டும். நடுவழியில நின்னுட்டா யாரு தள்ளுவா?"

போர்ச் செய்தியில் மட்டும் குரல் இறங்கும். இடிந்த வீடுகளின் படம் வந்தால் குறடைக் கீழே வைத்துவிடுவார். "எவ்ளோ வயரிங் போயிருக்கு பாரு," என்பார். "ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தன் உக்காந்து, சுவத்தைக் கொத்தி, பாத்துப் பாத்து இழுத்திருப்பான்." அப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இந்த அபிப்பிராயங்களுக்கெல்லாம் நிரந்தர வாடிக்கையாளர் என்று இருந்தவர் ஒரே ஆள், அந்தக் கண்ணாடிக்காரர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. விஞ்ஞானப் பத்திரிகைகளை விளம்பரம் உட்பட வாசிக்கிற மனிதர். காலையில் டீ வருகிற நேரம் பார்த்துத் தெருவைக் கடந்து வந்து, ராடார் கடை முக்காலியில் உட்காருவார். ராடார் உலகச் செய்திகளைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். முடித்ததும் ஒரே ஒரு வார்த்தை.

"தப்பு."

சொன்னவுடன் விளக்கிவிடுவாரா என்றால் அதுதான் கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். 'ஹா' என்று ஊதுவார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து முதலில் ஒரு கண், அப்புறம் இன்னொரு கண் என்று துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். திரும்ப மாட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் ராடாருக்கு மண்டை வெடித்துவிடும்.

"ராடார்ல தெரியாத விமானம் செஞ்சிருக்கானாம்யா. தெரியாத விமானத்தை ஓட்டுறவன் எப்படித் தேடிக் கண்டுபிடிச்சு ஏறுவான்?"

"தப்பு." ஊதல், துடைத்தல், தூக்கிப் பார்த்தல். "ராடாருக்குத்தான்யா தெரியாது. கண்ணுக்கு நல்லாவே தெரியும்."

"அப்ப மொட்டை மாடியில ஒருத்தனை நிக்க வச்சாப் போதுமே. எதுக்கு ராடாரு?"

"உனக்குப் பேர் வைக்கத்தான்."

ராடார் கோபத்தில் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் தேய்ப்பார். கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். "யோவ், அது லென்ஸு, மோட்டார் மூடி இல்ல. கீறல் விழும்யா!" என்று கத்துவார். தெருவுக்குக் காலை நேரம் இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

இப்போது அந்த முக்காலியில் யாரும் உட்காருவதில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், கண்ணாடிக்காரர் தன் கடை நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். தெருவைத் தாண்டி ஓடிப்போய்த் தூக்கியது ராடார்தான். பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தை மட்டும் வரவில்லை. கடைக்கு மேலேயே வீடு. வீட்டுக்குக் கூட்டிவந்து மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

ராடாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தினமும் மாடியேற ஆரம்பித்தார். முதல்நாளே ராடாரின் மனைவி வாசலில் வைத்து எச்சரித்தார்.

"ஏங்க, உடம்புக்கு முடியாதவர்கிட்டப் போயி உங்க திருவாயைத் தொறந்து எதையாவது உளறி வைக்காதீங்க. அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடப் போகுது. என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் அப்படியே படிங்க."

ராடாருக்கும் அது நியாயமாகவே பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொடி எழுத்தைப் படித்தார். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, வேகம், தூரம், எடை என்று ஒன்று விடாமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாசித்தார். போர்நிறுத்தப் பேச்சு எங்கே நிற்கிறது, செயற்கைக்கோள் எதற்குப் போகிறது, எல்லாம் சரியாகச் சொன்னார். ஒரு தப்பு இல்லை. கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் விரல் ரேகை அப்பியிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

கீழே இறங்கித் தன் கடைக்கு வந்தால் அங்கேயும் நிம்மதியில்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் ராடார் எதையாவது எடுத்துவிடுவார். "நிலாவுல இறங்குறவன் முன்னாடியே பிரேக்கை அமுக்க வேண்டாமா?" என்பார். "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க," என்று தலையை ஆட்டிவிட்டு, "மோட்டார் எப்பக் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். ராடாருக்குக் குறடைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

ஒருநாள் மாடிப்படியில் கண்ணாடிக்காரரின் மனைவி அவரை நிறுத்தினார்.

"அண்ணா, பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு அம்மா வர்றாங்கல்ல, 'ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க, உங்க பேரைச் சொல்லுங்க'ன்னு கெஞ்சுறாங்க. இவரு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. இப்ப முயற்சி பண்ணலன்னா அப்புறம் பேச்சு வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. நீங்க சொன்னாலாவது..."

"நான் பாத்துக்கறேம்மா," என்று சொல்லிவிட்டார் ராடார். என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியாது.

அன்றைக்கு வாசிக்க வாய்த்தது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். ஆழம், நீளம், அழுத்தம் என்று பத்தி பத்தியாகப் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. "எதுக்குய்யா இப்படிச் சுத்தி வளைக்கிறான்? போர்வெல் மோட்டாருக்குப் பெரியப்பா மகன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு!" வாயிலிருந்து வந்துவிட்டது. ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்காரரின் இடது புருவம் மேலே ஏறியிருந்தது. வாயின் ஓரம் ஒருதரம் துடித்து அடங்கியது. ராடார் படியில் தாவித் தாவி இறங்கினார்.

நாளையிலிருந்து தப்புத் தப்பாகச் சொல்வது என்று முடிவாயிற்று. அங்கேதான் வந்தது வினை. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடாமலே வந்து கொட்டிய தப்புகள், வேண்டும் என்று தேடியபோது ஒன்றுகூட அகப்படவில்லை. காயில் கட்டும்போது யோசித்தார், சாப்பிடும்போது யோசித்தார். கடைசியில் மனைவியிடமே கேட்டார்.

"ஏம்மா, எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது சொல்லேன்."

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார் அந்த அம்மாள்.

எப்படியோ நாலைந்து தேற்றிக்கொண்டு போனார். போர்க்கப்பலை மரக்கட்டையில் செய்வதால்தான் அது மிதக்கிறது என்றார். தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தால் நட்சத்திரம் நம்மைப் பார்க்கும் என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் புருவத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ராடாரின் தப்புகளை இத்தனை வருஷம் காலை டீயோடு கேட்டுப் பழகிய மனிதருக்கு அசல் எது, போலி எது என்று தெரியாதா என்ன? நாலு நாள் இப்படியே போனதில், ஏறியிருந்த அந்தப் புருவமும் பழையபடி இறங்கிவிட்டது.

அப்புறம் ஒரு காலையில் ராடார் மாடியேறியபோது, பயிற்சிக்கார அம்மாள் தரையில் சிதறிக்கிடந்த பட அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் இடது கையால் தட்டிவிட்டிருக்கிறார். "நாளைக்கு வந்து பாக்குறேங்க," என்று அந்த அம்மாள் போய்விட்டார். கண்ணாடிக்காரரின் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதார். சத்தம் வெளியே வராமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

ராடாருக்குப் பொறுமை அறுந்தது.

"யோவ், என்னதான்யா நெனச்சிட்டிருக்க நீ? அந்த அம்மா தினம் படியேறி வந்து கெஞ்சுது. உன் பொண்டாட்டி உள்ள அழுதுக்கிட்டிருக்கு. நான் ஒருத்தன் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்து கோமாளி மாதிரி ஆடுறேன். உனக்கு ரோஷமே கிடையாதா? கீழ நான் தெருவே அதிரக் கத்துறேன்யா. ஒருத்தனாவது எதுத்துப் பேசுறானா? சரிங்க சரிங்கன்னுட்டுப் போறானுங்க. நீயும் பேசலன்னா எனக்கு வேற யாருய்யா இருக்கா?"

கண் நிறைந்துவிட்டது. இவன் முன்னாடி போய் அழுவதா என்று செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அதில் ஒரு படம். விண்வெளி நிலையத்துக்குள் நாலு பேர் தலைகீழாக மிதந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இவங்கதான்யா குடுத்து வச்சவங்க. மேல போயிட்டா கீழ இழுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஈர்ப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கவலையில்லாம மெதக்குறாங்க. நாமதான் இங்க கெடந்து லோல்படுறோம்."

இது யோசித்துத் தேற்றிக்கொண்டு வந்ததில்லை. மனசாரச் சொன்னது. அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறது, அவர்கள் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள், அதனால்தான் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று கண்ணாடிக்காரர் முன்பு எத்தனையோ தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ராடார் காதில் ஏறியதே இல்லை.

கட்டிலில் ஏதோ சத்தம். இருமல் என்று நினைத்துச் செய்தித்தாளைத் தாழ்த்தினார். கண்ணாடிக்காரரின் முகம் சுவர்ப் பக்கம் இல்லை, அவர் பக்கம் திரும்பியிருந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"த..."

ராடார் முன்னால் சாய்ந்தார்.

"தப்... பு."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. கண்ணாடிக்காரரின் மனைவி ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றார்.

இதற்கப்புறம் என்ன நடக்கும் என்று ராடாருக்குத் தெரியும். கண்ணாடிக்காரரின் இடது கை மெதுவாக எழும்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினார். பாதிக் காற்று பக்கவாட்டில் போயிற்று. அப்புறம் அந்தக் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. துடைக்க வேண்டிய கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது.

ராடார் அவசர அவசரமாகத் தன் சட்டை முனையை இழுத்துக்கொண்டு குனிந்தார். இடது கை கண்ணாடியை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"சரிய்யா, சரிய்யா. கீறல் விழும்," என்றார் ராடார்.

தலையணைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி மடித்தபடி இருந்தது. விரல்களிலிருந்த வார்னிஷ் கறையைப் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டு அதை எடுத்தார். கண்ணாடிக்காரர் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, ராடார் துடைத்தார். முதலில் ஒரு கண், அப்புறம் இன்னொரு கண். துடைத்தானதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.