ஜிப்புக்கு எண்ணெய் வைத்தவன்

நேற்று நண்பன் குமாரின் ஜீப்பை இரவல் வாங்கினேன். மழை வரும்போல இருந்ததால் துணி டாப்பின் பின்பக்க ஜிப்பை இழுத்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். புழுதி ஒட்டி இன்னும் இறுகிவிட்டது.

குமாரிடம் எண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

இன்று இருவரும் பருத்திப்பட்டில் இருக்கும் ஒரு சீட் கவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஜிப்பை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, தலைக்கு வெக்கிற மாரி எண்ணெய வெச்சிகீறீங்க? யாரு பண்ண வேலை இது?"

"வண்டி ஓனரைக் கேளுங்க" என்றேன், வாய் கூசாமல்.

குமார் என்னை ஒருமுறை பார்த்தான். "நான்தாண்ணே. தெரியாம பண்ணிட்டேன்."

சோப்புத் தண்ணீரில் தேய்த்து, மெழுகுவர்த்தி தடவி, ஜிப் ஓடும்வரை அவர் அவனைத்தான் திட்டினார். திரும்பும் வழியில் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

குமார் மச்சான், இந்தப் பதிவுக்கும் லைக் போட்டுவிட்டுப் போய்விடாதே. கமெண்ட்டில் வந்து நாலு பேர் பார்க்கத் திட்டு.