இன்ஜின் ஆய்வுக்கு விருது வாங்கிய ஸ்டெல்லா மேடம்

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார். இன்று காலை, பெங்களூரு ஹெப்பகோடி வீட்டில்... மாரடைப்பு.

கணவர் சேவியர் அண்ணன்தான் போன் செய்தார். "போயிட்டாப்பா" என்றார்.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் டீசல் இன்ஜின் ஆராய்ச்சிப் பிரிவில் மேடம்தான் எங்கள் டீம் லீட். லோடு ஆட்டோவில் போடுகிற சின்ன இன்ஜின். அதன் கரும்புகையைக் குறைப்பதுதான் பல வருடமாக அவர் வேலை.

மீட்டர் ரீடிங் மட்டும் அவருக்குப் போதாது. வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் முன்னால் பிடித்துப் பார்ப்பார். "எங்க வீட்ல ஒரு கர்ச்சீப் வெள்ளையா இல்லப்பா" என்று அண்ணன் எங்களிடம் புலம்புவார்.

அந்த ஆய்வுக்குத்தான் விருது கிடைத்தது. இன்ஜின் ஆராய்ச்சிக்கென்றே பொறியாளர் சங்கம் ஒன்று கொடுக்கிற விருது. மேடையில் எங்கள் எல்லார் பெயரையும் சொன்னார், இன்ஜினைக் கழுவித் துடைக்கும் முனியப்பா வரைக்கும்.

கீழே வந்து உட்கார்ந்ததும் என்னிடம், "இது ரோட்ல ஓடுறதப் பாத்துட்டா போதும்பா" என்றார்.

ஓடவில்லை.

வாழ்த்து பேனரை கேட்டிலிருந்து கழற்றுவதற்குள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். இனி எல்லாம் எலக்ட்ரிக்காம். ஹெச்ஆர் கன்னடம் கலந்து சொன்னார், "டென்ஷன் பேடா, வேண்டாம் மேடம். அவார்ட் வாங்கினவங்க நீங்க, எங்க போனாலும் எடுத்துப்பாங்க."

யாரும் எடுக்கவில்லை. போன இடத்திலெல்லாம் பேட்டரி அனுபவம் கேட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து பேட்டரி கோர்ஸும் முடித்தார். அதற்குப் பிறகும் ஒரு அழைப்புகூட வரவில்லை.

போன மாதம் பொம்மசந்திரா பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். டியூஷன் எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். எங்களைக் கடந்து ஒரு லோடு ஆட்டோ கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு போனது. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்கு வழி நம்மகிட்ட இருந்துச்சேப்பா..." என்றார்.

அவர் பஸ் வந்துவிட்டது.

சற்று முன் மகள் ஷைனி கூப்பிட்டாள். இரங்கல் போஸ்டர் அடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம்.

"அங்கிள், அம்மா பேருக்குக் கீழ என்ன போடறது? கம்பெனி பேரு போடலாமா?"

"வேண்டாம்மா. இன்ஜின் ஆராய்ச்சியாளர்னு போடு."

"இப்ப அப்படிப் போடலாமா அங்கிள்?"

போடலாம் என்றேன்.

நாளை மதியம் அடக்கம். வந்துவிடுகிறேன் மேடம்.