கண்டாக்கையா ஆன எங்கள் செல்லையா

பொகவந்தலாவை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது செய்தி வந்தது. "கண்டாக்கையா தவறிட்டாருங்க" என்றார் கடைக்காரர். எந்தக் கண்டாக்கு என்று கேட்டேன். செல்லையா என்று சொல்லியிருந்தால் உடனே விளங்கியிருக்கும்.

நானும் அவனும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்து, ஒன்றாகச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்கள். நாலு எழுத்துத் தெரிந்ததால் அவன் கணக்கப்பிள்ளையானான். சில வருடங்களில் மலைவேலை முழுவதையும் மேற்பார்க்கிற கண்டாக்கும் ஆனான். எங்கள் லயத்திலிருந்து அந்த இடத்துக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

உங்களுக்குத் தெரியும், தோட்டத்தை நடத்துகிற துரையோ கண்டாக்கோ வந்தால் நாங்கள் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். முதல் வாரம் செல்லையா அதைத் தடுத்தான். "எனக்காக யாரும் எறங்காதீங்க. நேத்து வரைக்கும் நானும் கான்ல நின்னவன்தானே" என்றான். அடுத்த மாதம், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் துரை முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டான். அதில் நியாயம் இருந்தது. பிறகு துரை இல்லாத இடத்திலும் பேர் சொன்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

அவன் அம்மா மூத்த மகனோடு பழைய லயத்திலேயே இருந்தார். ஒரு மழைநாள், கொழுந்துக் கூடையோடு அவரும் நானும் வரும்போது செல்லையா எதிரே வந்தான். அம்மா கானில் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். அவன் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனான். அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டேன்.

அம்மா இறந்த வருடம் அவனே என்னைத் தேடி வந்தான். "அன்னைக்கு எனக்கு வெக்கமா இருந்திருக்கும்னு நெனச்சிருப்ப. அப்படி ஒன்னும் இல்லடா. ஆத்தா எறங்குனது சரின்னுதான் பட்டுச்சு. அதுக்குள்ள பழகிப்போச்சு" என்றான். அதன்பின் அவன்மேல் கோபப்பட எனக்கு முடியவில்லை.

அந்தப் பேச்சைத்தான் அவனிடமிருந்து வைத்திருக்கிறேன். இப்போது நான் தோட்டக் கமிட்டித் தலைவர். போகிற இடத்திலெல்லாம் யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. செல்லையாவின் சாவு வீட்டிலும் நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, நாலு பேரிடம் பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன். எனக்கு எழுந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர் அவனுடைய அண்ணன்.