செல்வியைக் கேட்காமல் திறப்பதில்லை

கணினி பழுது பார்க்கும் செல்வி செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். எனக்கு அது தெரியாது. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறக்கலாமா என்று கேட்க அன்று மதியம் அவரை அழைத்தேன். கணவர் எடுத்தார். "செல்வி போயிருச்சுங்க. ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிதானுங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம்னுருச்சு," என்றார். அந்த இரண்டு மாதத்தில் நான்கு முறை அழைத்திருக்கிறேன். நான்கு முறையும் படுக்கையிலிருந்தே எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

கிணத்துக்கடவில் தேங்காய் வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்குத் தெரிய வந்தது என் முதல் வடநாட்டு லோடின்போது. லாரியில் காய் ஏற்றியாகிவிட்டது. சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டான இ-வே பில் போட்டால்தான் வண்டி நகரும். அதற்கான கடவுச்சொல் எல்லாம் ஆபீஸ் கணினியில். அதிலோ எந்த இணையதளமும் திறக்கவில்லை. காலையில் வந்த வேறொரு பழுது பார்ப்பவர் அதில் புகுந்திருந்த வைரஸை எடுத்துவிட்டு, இனி மொத்தத்தையும் அழித்துத்தான் ஆக வேண்டும் என்று கைவிரித்துப் போய்விட்டார். மாலைக்குள் சரக்கு கிளம்பாவிட்டால் வேறிடத்தில் வாங்கிக்கொள்வதாக வடநாட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் கைமுதல் முழுவதும் அந்த லாரியில் இருந்தது.

யாரோ சொல்லி செல்வியைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் நான் இணைய கம்பெனியைத் திட்டினேன்.

"லைனைத் திட்டாதீங்ணா. அதே வைஃபை உங்க போன்ல வருதில்லீங்க? வைரஸ் எப்படி வந்துச்சு?"

"கணக்கெழுதற புள்ள எதையோ திறந்துபோட்டுது."

"அந்தப் புள்ளையோட கல்யாணத்துக்கு நான் போய்ட்டு வந்தே நாலு நாள்தானுங்களே ஆச்சு. அதுக்குள்ள வேலைக்கு வந்துருச்சுங்களா?"

திறந்தது நான்தான். 'நாளைய தேங்காய் விலை' என்று பெயர் போட்டு வந்த கோப்பு. பக்கத்துத் தேங்காய்க் களத்துக்காரருக்கு முன்னால் விலையைத் தெரிந்துகொள்ளும் ஆசை.

செல்வி கணினியின் அமைப்புகளுக்குள் போய், பிராக்ஸி என்றிருந்த இடத்தைக் காட்டினார்.

"வைரஸ் போயிருச்சுங்ணா. அது மாத்தி வெச்ச வழி மட்டும் அப்படியே இருக்குது. பிரவுசரு இன்னும் இல்லாத ஆள்கிட்ட வழி கேட்டுட்டு நிக்குது."

ஒரே ஒரு டிக்கை எடுத்தார். தளம் திறந்தது. நான்கு மணிக்கு வண்டி கிளம்பியது.

ஒரு டிக்குக்கு ஐநூறா என்று அவரிடமும் பேரம் பேசினேன். இப்போது எழுதவே கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை வந்த கோப்பு இன்னும் திறக்காமல் கிடக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேரத்தில் பேசி முடித்ததைத்தான்: கூலி இருநூறு. மீதி முந்நூறுக்குப் பதிலாக, தெரியாத கோப்பு எது வந்தாலும், திறப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன்.