வலி நின்ற பல்

1. மாசியில், புழுக்கொடியல் கடிக்கும்போது சித்தப்பாவின் வலது கீழ்க் கடைவாய்ப் பல் வெடித்தது.
2. தண்ணீர் பட்டால் கூசியது. கராம்பு வைத்தார்.
3. பங்குனியில் வலி விடாமல் குத்தியது. படுத்தால் கூடியது.
4. யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியரிடம் போக நெடுந்தீவின் மாவலி இறங்குதுறைக்கு வந்தோம்.
5. லோஞ்சுப் படகில் ஏறும் முன் வலி நின்றது. சித்தப்பா வீட்டுக்குத் திரும்பினார்.

இந்த வரிசையில் மிக மோசமானது ஐந்தாவது. அதை அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி; நெடுந்தீவில் மாடும் தோட்டமுமாக இருந்தவர். ஐம்பது வயது கடந்தும் ஒரு பல்கூட விழவில்லை என்பது அவருடைய பெருமை. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை மற்றவர்கள் இடித்துத் தின்ன, அவர் முழுத் துண்டாகவே கடிப்பார். சத்தம் கல்வேலிக்கு அப்பாலும் கேட்கும். நான் அப்போதுதான் தெற்கில் பயிற்சி முடித்து, ஊர்காவற்றுறையில் இருந்து தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். நெடுந்தீவுக்கு வந்தால் அவர் வீட்டில்தான் தங்குவேன்.

"நீதானே பல்லுப் படிச்சனீ, நீயே பாரன்" என்றார்.

"எனக்குச் சின்னப்பிள்ளையளின்ரை பல்லுத்தான் சித்தப்பா. பெரியாக்களுக்குச் செய்ய ஏலாது."

"அப்ப என்னையும் சின்னப்பிள்ளை எண்டு எழுது."

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்னிடம் சாந்தில் வார்த்த ஒரு பெரிய பல் இருந்தது. கைப்பிடி அளவு. இரண்டாகப் பிரிக்கலாம். அதை விறாந்தையில் வைத்துப் பிரித்துக் காட்டினேன். வெளியே வெள்ளையாய் இருப்பது உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே மஞ்சள் நிறத்தில், எலும்பைப் போன்ற தடித்த சுவர். நடுவில் ஓர் அறை. அந்த அறையில் சிவப்புப் பூசியிருந்த இடம்தான் பற்கூழ், மென்மையான சதை. வேரின் நுனியிலுள்ள ஊசித்துளை வழியாக இரத்தக் குழாய்களும் நரம்பும் அதற்குள் வருகின்றன. சுவரைக் கட்டுவதும், ஆயுள் முழுவதும் உள்ளே இருந்து அதைத் தடிப்பாக்குவதும், கிருமி வந்தால் எதிர்ப்பதும், சூடு குளிர் பட்டால் வலியாகச் சொல்வதும் அதுவே. விரலில் காயம் வந்தால் வீங்க இடமுண்டு. பற்கூழைச் சுற்றிச் சுவர். அது வீங்க முடியாமல் நெரிபடுகிறது. நெரிவில் இரத்தம் தடைப்படுகிறது.

சித்தப்பா ஒரு பாதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உதுக்கை என்ன, குங்குமமே அப்பி வைச்சிருக்கிறியள்?"

ஒருவழியாகச் சம்மதித்தார். யாழ்ப்பாணத்தில் உள்ளே துப்பரவாக்கி அடைத்தால் பல் தப்பும் என்று சொன்னதுதான் அவரை இளக்கியது. அவர் மனைவி சின்னம்மா தன் பங்குக்கு, வலி நின்றால் வெள்ளியில் ஒரு பல் செய்து வைப்பதாக நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு நேர்ந்தார்.

துறையில் நாடியைச் சுற்றித் துவாய்த் துண்டு கட்டியபடி நின்ற சித்தப்பா, திடீரென்று அதை அவிழ்த்தார்.

"பிள்ளை, விட்டிட்டுது."

"என்ன விட்டிட்டுது?"

"பல்லு நோவு. துப்பரவா விட்டிட்டுது."

சின்னம்மா நயினாதீவு இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். "உள்ளுக்கை இருந்தது செத்துப்போச்சு சித்தப்பா. அதாலைதான் நோகேல்லை. இப்பதான் கட்டாயம் போக வேணும். விட்டால் கிருமி வேராலை தாடை எலும்புக்கை இறங்கும்."

"செத்ததுக்கு ஆரடி வைத்தியம் செய்யிறது?"

லோஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்து நின்றவர், "அண்ணை, நீங்கள் ஏறுறியளோ, பல்லு மட்டும் வருகுதோ?" என்றார்.

"நல்ல காரியம் நடந்திருக்கேக்கை செத்த கதை கதையாதை" என்று சின்னம்மா என்னை அதட்டினார். லோஞ்சு புறப்பட்டது. நாங்கள் மூவரும் கரையில் நின்றோம். படித்ததைச் சரியாகச் சொல்லியும் தோற்கலாம் என்பதைப் பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த கிழமை சித்தப்பா என் சாந்துப் பல்லைக் கேட்டு வாங்கினார். நகை செய்யும் பத்தர் அதுவரை கண்ணும் காலும்தான் வெள்ளியில் செய்திருக்கிறாராம்; பல்லுக்கு மாதிரி வேண்டுமாம். கொடுத்தேன். வெள்ளிப் பல் அழகாகவே வந்தது. இரண்டு வேர், மேலே மேடும் பள்ளமும், எல்லாம் சரி. பத்தர் வெளிப்புறத்தைப் பார்த்துத்தான் செய்திருந்தார். உள்ளே அறை இல்லை.

ஆவணியில் தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தது. தண்ணீர்கூட விழுங்க முடியாத அவரை லோஞ்சில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். துப்பரவாக்கி அடைக்கும் நிலை கடந்துவிட்டது என்று வைத்தியர் பல்லைப் பிடுங்கினார். வீடு திரும்பியதும் சித்தப்பா சொன்னார்: "அம்மாள் சுகமாக்கினவ. நீதான் துறையிலை நிண்டு செத்துப்போச்சு எண்டு வாய் வைச்சனீ." நான் சாந்துப் பல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது இப்போது ஊர்காவற்றுறையில் என் மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு நடுவிலிருந்த சிவப்பு மங்கிவிட்டது. வெள்ளிப் பல் நயினாதீவுக் கோயிலில் இருக்கிறது. சித்தப்பா இடதுபக்கத்தால் புழுக்கொடியல் கடிக்கிறார். அந்தப் பக்கத்திலும் ஒரு பல் கூசுகிறதாம், கராம்பு வைத்திருக்கிறார்.